வன்னி நகரப் பாடசாலை ஒன்றின் தலைமுறை வரலாற்றைத் தொகுப்பது எவ்வாறு?

பாடசாலை ஆண்டு மலர்களில் "பாடசாலை வரலாறு" என்ற தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருக்கும். அவற்றை முந்தைய மலரிலிருந்து எடுத்திருப்பார்கள். முந்தைய மலர் அதற்கும் முந்தையதிலிருந்து எடுத்திருக்கும். நிறுவுநர் பெயர், அதிபர்களின் பட்டியல், மண்டபத்தைத் திறந்துவைத்தவர், மாவட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவர் ஆகிய நான்குடன் வரலாறு முடிந்துவிடும். இருந்த இடத்திலேயே நூறு ஆண்டுகள் இருந்த ஒரு பாடசாலைக்கு இது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு போன்ற வன்னி நகரங்களின் நடுவிலுள்ள பாடசாலைகளுக்கு இது போதாது. அவற்றுள் சில இடாப்பையும் மணியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவை. சில, நடந்து வந்த பாடசாலைகளுக்குப் பின்னேரங்களில் இடம் கொடுத்தவை. கட்டடத்தின் கதையை மட்டும் எழுதினால், பாடசாலை அக்கட்டடத்தில் இல்லாத ஆண்டுகள் வெற்றாகிவிடும். மாற்றங்களுள் பெரியவை நிகழ்ந்ததோ அந்த ஆண்டுகளில்தான்.

இத்தகைய தொகுப்பொன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தை வைத்து, மலர்க்குழுக்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் பயன்படும் வகையில் இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். நாங்கள் விட்ட பிழைகளையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாட்காட்டிகள்

எவரையும் சந்திக்கச் செல்லுமுன், ஒரு பெரிய கடதாசியில் இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கத்தில் அரசாங்கத்தின் நாட்காட்டி. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. சைவ வித்தியா விருத்திச் சங்கமும் கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகளும் நடத்திவந்த பாடசாலைகளின் முகாமை கைமாறியது இதனாற்றான். 1972இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் சாதாரண தரத்துக்குப் பதிலாக என்.சி.ஜி.இ. (தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்) பரீட்சை வந்து, சில ஆண்டுகளில் மறைந்தும் போனது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு, மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிசெய்யும் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1980இல் இலவசப் பாடநூல்களும், 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வழங்கப்பட்டன. 1987க்குப் பிறகு மாகாணப் பாடசாலை, தேசிய பாடசாலை என்ற பிரிப்பு ஏற்பட்டது.

வலப்பக்கத்தில் மக்களின் நாட்காட்டி. 58 கலவரம், 64 சூறாவளி, 77 கலவரம், 83, இந்திய இராணுவம் நின்ற காலம், 95 இடப்பெயர்வு, கிளிநொச்சி நகரம் வெறுமையான 96, ஏ9 பாதை திறந்த 2002, சுனாமி, 2008 இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், முகாம், மீள்குடியேற்றம், 2018 மார்கழி வெள்ளம், கொரோனா. எண்பது வயதான ஒருவர் எந்த ஆண்டில் ஐந்தாம் வகுப்புப் படித்தார் என்று சொல்லமாட்டார். எந்தக் கலவரத்துக்கு முன், எந்த வெள்ளத்துக்குப் பின் என்று துல்லியமாகச் சொல்வார். வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கத்தை நிரப்ப முடியாது.

நிர்வாக எல்லைகளையும் இதே கடதாசியிற் குறித்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகவே 1984க்கு முற்பட்ட கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் அரச கடிதங்களைக் கிளிநொச்சியில் தேடிக் களைப்பதிற் பயனில்லை. அவை எஞ்சியிருந்தால் யாழ்ப்பாணத்துக் கோவைகளிலோ கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். நாங்கள் இதை அறியாமல் நான்கு மாதங்களை வீணாக்கினோம்.

பெயர்ப்பலகையின் சுருக்கெழுத்துகளும் ஓர் ஆவணமே. "அ.த.க." என்றால் அரசினர் தமிழ்க் கலவன், "றோ.க.த.க." என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். ஒரே பாடசாலை அ.த.க. பாடசாலையாகத் தொடங்கி, மகா வித்தியாலயமாகி, மத்திய கல்லூரியாக அறியப்படுவது வழமை. ஒவ்வொரு பெயரும் எந்த ஆண்டின் சான்றிதழில் முதன்முதலாக அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால், தரமுயர்வின் காலத்தை விழா உரைகளைவிட நம்பகமாக அறியலாம்.

தொலைந்த இடாப்பை மீட்டெடுத்தல்

பாடசாலையின் முதன்மை ஆவணங்கள் மூன்று: மாணவர் சேர்விடாப்பு, வரவிடாப்பு, அதிபர் எழுதும் சம்பவத் திரட்டு. சம்பவத் திரட்டு ஒன்று கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கல்வி அதிகாரியின் வருகை, கிணறு வற்றியது, மலேரியாவால் வரவு குறைந்தது, வயல் விதைப்புக்காலத்தில் பிள்ளைகள் வராதது எல்லாம் அதில் இரண்டிரண்டு வரிகளாக இருக்கும். ஆனால் 1996இலோ 2009இலோ இவை எரிந்தோ மழையில் ஊறியோ போன பாடசாலைகளே அதிகம்.

இங்கேதான், பாடசாலையை விட்டு விலகும்போது கொடுக்கப்பட்டு மக்களின் கையிலிருக்கும் விடுகைப்பத்திரம் உதவுகிறது. வன்னிக் குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பெறுபேற்றுத்தாளையும் விடுகைப்பத்திரத்தையும் ஒன்றாகச் சுற்றி, சொப்பிங் பையொன்றுக்குள் இட்டு, ஒவ்வொரு இடப்பெயர்விலும் கூடவே கொண்டுசென்றன. சட்டி பானையை விட்டுவிட்டு ஓடியவர்கள்கூடப் பத்திரப் பையை விடவில்லை. விடுகைப்பத்திரத்தில் மாணவரின் சேர்விலக்கமும் சேர்ந்த திகதியும் இருக்கும். அந்த இரண்டும்தான் உங்களுக்கு வேண்டியவை.

எடுத்துக்காட்டாக, 1974 தையில் சேர்ந்த ஒருவரின் இலக்கம் 1412 என்றும், 1979 தையில் சேர்ந்த இன்னொருவரின் இலக்கம் 1980 என்றும் வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள ஐந்து ஆண்டுகளில் 568 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஆண்டொன்றுக்குச் சராசரி நூற்றுப்பதின்மூன்று அல்லது பதினான்கு பேர். இடையில் 1977 ஐப்பசியில் சேர்ந்த ஒருவரின் பத்திரமும் கிடைத்து, அதில் இலக்கம் 1890 என்று இருந்தால், அவ்வாண்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். என்ன நடந்தது என்பது வலப்பக்க நாட்காட்டியில் இருக்கிறது: அந்த ஆவணிக் கலவரத்தை அடுத்து மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. இவ்வாறு அறுபது, எழுபது விடுகைப்பத்திரங்களைச் சேர்த்துவிட்டால், தொலைந்த சேர்விடாப்பின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். பெயர்கள் வேண்டியதில்லை, இலக்கமும் திகதியும் முன்பு படித்த பாடசாலையும் போதும்.

இம்முறையில் இரண்டு பொறிகள் உண்டு. மீள்குடியேற்றத்தின் பின் புதிய இடாப்புத் திறந்து, இலக்கத்தை ஒன்றிலிருந்து ஆரம்பித்த பாடசாலைகள் இருக்கலாம். ஆரம்பப் பிரிவு தனிப் பாடசாலையாகப் பிரிந்திருந்தால், இலக்கத்தொடர் அங்கே முறிந்திருக்கும். திகதி கூடி இலக்கம் குறைந்தால், கணக்கை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

அண்மைக்கால எண்ணிக்கைகளை அலைந்து திரிந்து பெறவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். கேள்வியைக் குறுக்கமாகவும் ஆண்டு குறிப்பிட்டும் எழுதுங்கள். "பாடசாலை பற்றிய விபரங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

கேட்கும் முறை

கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, "உங்கள் காலத்துப் பாடசாலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலையே சொல்வார்கள்: அந்தக் காலத்தில் ஒழுக்கம் இருந்தது, இப்போது இல்லை. இதனால் பயனில்லை. சிறிய, கைக்குள் அடங்கும் பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பாதையால் நடந்தீர்கள்? எங்கே தண்ணீர் குடித்தீர்கள்? பக்கத்தில் இருந்தவர் யார்? காலில் செருப்பு இருந்ததா? மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? ஒருவர் சொல்லும் சொல்லே அவருடைய காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அரிவரியில் (தொடக்க வகுப்பில்) சேர்ந்தேன் என்பவர் ஒரு தலைமுறை. "ஆண்டு ஐந்து" என்பவர் அடுத்த தலைமுறை. "தரம் ஐந்து" என்பவர் அதற்கும் அடுத்தது.

கிளிநொச்சியில் நான் சந்தித்த ஓர் ஆச்சியிடம் எத்தனையாம் ஆண்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மோனை" என்றார். பள்ளிக்கூடத்து யன்னலால் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். "ரெயில் றோட்டு. நான் அரிவரியிலை. யாழ்தேவி ஓடத் தொடங்கின புதிசு. சத்தம் கேட்டால் எல்லாரும் யன்னலுக்கு ஓடுவம். மாஸ்ரர் பிரம்போடை வருவார். வந்து அவரும் நிண்டு பார்ப்பார்." யாழ்தேவி 1956 சித்திரையில் ஓடத் தொடங்கியது. ஆச்சி அரிவரியில் இருந்த ஆண்டு கிடைத்துவிட்டது.

அதே கேள்வியை அவருடைய மகளிடமும் பேத்தியிடமும் கேட்டோம். மகள் படித்த காலத்தில் ரெயில் இல்லை. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. அவருக்கு அது பற்றை வளர்ந்த மேட்டுப் பாதை, பள்ளிக்கூடம் போகக் குறுக்குவழி. பேத்திக்கோ, 2013இல் கிளிநொச்சிக்கு ரெயில் மீண்டும் வந்தபின், அது கடவையில் மறித்துப் பாடசாலைக்குப் பிந்தவைக்கும் ஒன்று. ஒரே யன்னல், மூன்று தலைமுறை. மூவரிடமும் ஒரே கேள்வியை மாற்றாமற் கேட்டால்தான் இத்தகைய ஒப்பீடு கிடைக்கும். ஆளுக்கொரு கேள்வி கேட்டால் ஆளுக்கொரு கதைதான் மிஞ்சும்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் படித்தவர்களிடம் விளக்கைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 1990களில் மின்சாரமில்லாமல், மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில், ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து எரித்த விளக்கில்தான் ஒரு முழுத் தலைமுறை சாதாரண தரத்துக்குப் படித்தது. அந்த விளக்கை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், வாய் திறக்காதவர்களும் கைகளால் செய்துகாட்டத் தொடங்குவார்கள். அதன்பின் மற்றவை தாமாக வரும்.

பாடசாலையின் பின்னால் நடந்து செல்லுதல்

அடுத்து ஒரு வரைபடம் வேண்டும். 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது, மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, தருமபுரம் என்று சிதறினார்கள். நகரப் பாடசாலைகள் அங்கே மர நிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும், வேறு பாடசாலைகளில் பின்னேர நேரங்களிலும் நடந்தன. 2008இன் பிற்பகுதியில் மீண்டும் கிழக்கு நோக்கி நகர்ந்து, விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் சிறிது காலம் இயங்கி, ஒரு கட்டத்தில் நின்றன. 2009 ஆவணியில் வவுனியா மாவட்டத்து மெனிக்பாம் முகாம்களுக்குள்ளேயே பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். இவ்விடங்கள் ஒவ்வொன்றையும் வரைபடத்திற் குறித்து, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை வகுப்புகள், யார் படிப்பித்தார் என்று எழுதுங்கள். இயலுமாயின் அப்போது படித்த ஒருவருடன் அவ்விடத்துக்கே சென்று பாருங்கள். இடம் கொடுத்த பாடசாலைக்கும் இதைப் பற்றி ஒரு கதை இருக்கும். அது அவ்வளவு இனிமையானதாக இராமலும் போகலாம். தம் பிள்ளைகளின் நேரத்தைக் குறைத்து மேசை கதிரையைப் பகிர்ந்தவர்கள் அவர்கள்.

எங்களுடைய பெரிய பிழை நேர்ந்தது இந்தக் காலப்பகுதியைத் தொகுக்கும்போதுதான். அதிபர் அறையில் தொங்கிய பெயர்ப்பலகையை நம்பி அதிபர் வரிசையை அச்சிட்டோம். அப்பலகை மீள்குடியேற்றத்தின் பின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. மரத்தடியில் பதினான்கு மாதங்கள் பாடசாலையை நடத்திய பதில் அதிபரின் பெயர் அதில் இல்லை. வெளியீட்டு விழாவன்று அவருடைய மகள் மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் அதை மேசையில் வைத்துவிட்டுச் சென்றார். பெயர்ப்பலகை எப்போது, யாரால் எழுதப்பட்டது என்று கேட்காமல் அதிலிருந்து ஒரு வரியையும் எடுக்காதீர்கள்.

யார் விடுபட்டுப் போகிறார்கள்

மலர்க்குழுவில் இருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தே வரலாற்றில் இருப்பவர்களும் அமைகிறார்கள். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நம்பி 1930களிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளே பழைய மாணவர் சங்கங்களிலும் புலம்பெயர் கிளைகளிலும் பெரும்பாலும் முன்னிற்பார்கள். அவர்களுடைய நினைவில் பாடசாலை அவர்களுடையது. மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதே இடாப்பில்தான் இருந்தார்கள். அவர்கள் எந்த வாங்கில் இருந்தார்கள், எத்தனையாம் வகுப்பில் நின்றுவிட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். கிணற்றில் யார் அள்ளினார்கள், யாருக்கு ஊற்றினார்கள் என்ற கேள்வியையும் தவிர்க்கவேண்டாம். குழு சங்கடப்படும், இருந்தும் கேட்கவேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படித்த முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பிலிருந்து ஒரே தவணையில் இல்லாமற் போயின. அவர்களிற் பலர் வளர்ந்தது புத்தளத்தில். தொலைபேசியில் அழைத்தால் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். தம்மை எவரும் தேடி வந்ததில்லை என்றும் சொல்வார்கள்.

இன்னொரு கூட்டம் தொண்டர் ஆசிரியர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்றவர்கள் வெள்ளி பின்னேரம் ஊருக்குப் போய்த் திங்கள் மதியம் வந்த காலங்களிலும், பாதை பூட்டி எவருமே வர இயலாத காலங்களிலும் வகுப்புகளைத் தாங்கியவர்கள் இவர்களே. பெரும்பாலும் அப்போதுதான் உயர்தரம் முடித்த உள்ளூர்ப் பெண்கள். அரச சம்பளப் பட்டியலில் இல்லாததால் ஆசிரியர் பட்டியலிலும் இல்லை. என்னைக் கேட்டால், போர்க்கால அத்தியாயத்தின் முதற்பக்கம் இவர்களுக்கே உரியது. பழைய மாணவர்களிடம் "உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த ரீச்சர் யார்" என்று கேட்டாலே பெயர்கள் வந்துவிடும்.

கட்டடத்தை வாசித்தல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு அடிக்கல்லையும் நன்கொடைப் பலகையையும் திகதி தெரியும்படி படமெடுங்கள். ஓடு, சீற்று, தகரம், கொங்கிரீட் என்ற கூரை வரிசையே ஒரு கால அட்டவணை. சுவரிற் குண்டுபட்ட தடம் இருந்தால் பூசி வெள்ளையடிக்குமுன் படமெடுத்து, எந்த வகுப்பறை என்று எழுதிவையுங்கள். மரங்களையும் மறவாதீர்கள், கட்டடமே இல்லாத காலத்திலும் அதே வேம்பின்கீழ் வகுப்பு நடந்திருக்கும்.

எழுதும்போது

காணாமற் போனோர், இறந்தோர் பற்றிய செய்திகளைக் குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதமின்றி அச்சிடக்கூடாது. நேர்காணலில் ஒருவர் அழுதுகொண்டு சொன்னதை அடுத்த வாரம் சென்று வாசித்துக்காட்டி, "இதைப் போடலாமா, விடலாமா" என்று கேளுங்கள். பாதிப் பேர் சில வரிகளை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். வரவிடாப்பில் "இடைவிலகல்" என்று எழுதப்பட்ட பெயர்களை அப்படியே இடைவிலகல் கணக்கிற் சேர்க்கவேண்டாம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் அச்சொல்லுக்குப் பல பொருள்கள் இருந்தன. காரணம் தெரியாத இடத்தில் "இடாப்பில் பெயர் தொடரவில்லை" என்று மட்டும் எழுதுவது நேர்மையானது.

அத்தியாயங்களை அதிபர் காலங்களாகப் பிரிக்காமல், பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை வைத்துப் பிரித்தால் வரலாறு தெளிவாகும்: குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், மாவட்ட ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக இடம் எளிதாகும் என்று எண்ணி உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள், 1995இல் வலிகாமத்திலிருந்து வந்தவர்கள், மீள்குடியேறியவர்கள். இன்று நகரின் பிரபல பாடசாலை என்று பெயர்பெற்றுவிட்டதால் சுற்றுக் கிராமங்களிலிருந்து முச்சக்கரவண்டியிலும் வானிலும் வரும் பிள்ளைகள் கடைசி அத்தியாயம். அவர்கள் நகருக்கு வந்துவிடுவதால் மூடப்படும் நிலைக்கு வந்த கிராமப் பாடசாலைகளைப் பற்றியும் அங்கே இரண்டு பந்தி எழுதுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன், வரைவை ஒருபக்க அச்சாக எடுத்து, எதிர்ப்பக்கங்களை வெறுமையாக விட்டு, பரிசளிப்பு விழாவன்று வாசலில் ஒரு மேசையில் பென்சில்களுடன் வையுங்கள். வருபவர்கள் நின்று வாசித்துத் திருத்துவார்கள்; எங்கள் இரண்டாம் பதிப்பின் திருத்தங்களிற் பாதி அந்தப் பென்சில்களால் வந்தவை. பின்னர் நூலையும், விடுகைப்பத்திரங்களின் பிரதிகளையும், ஒலிப்பதிவுகளையும் ஒரே அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டாம். ஒரு தொகுதி பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். ஒன்று வலயப் பணிமனையில். ஒன்று ஈழத்து ஆவணங்களை இணையத்தில் எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்திடம். ஒன்று வெளிநாட்டுக் கிளையொன்றின் செயலாளர் வீட்டில்.